லிஃப்ட் வாசலில் எலினோர் ரூஸ்வெல்ட்

எங்கள் வெள்ளவத்தைத் தொடர்மாடியின் லிஃப்ட் வாசலில் ஒருநாள் காலை ஓர் அறிவித்தல் தொங்கியது: வீட்டு வேலைக்கு வருபவர்கள் படிக்கட்டைப் பாவிக்கவும். மூன்று மொழியிலும். (கொழும்பில் பிழையில்லாத தமிழ் அறிவித்தலைக் காண்பது அபூர்வம். இதில் ஓர் எழுத்துக்கூடப் பிழையில்லை.)

எங்கள் வீட்டில் சமைக்கும் அக்கா கொலன்னாவையிலிருந்து இரண்டு பஸ் ஏறி வருபவர். முழங்கால் வருத்தம். நாங்கள் இருப்பது ஆறாம் மாடி. அன்று கதவைத் திறந்ததும் சித்தாலேப வாசம்தான் முதலில் உள்ளே வந்தது. நாலாம் மாடிப் படியில் குந்தியிருந்து பூசிவிட்டு ஏறியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை குடியிருப்பாளர் கூட்டம். கேட்க வேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் நாலு பேர் முன்னால் எழுந்தால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும், பயச் சிரிப்பு. பக்கத்து வீட்டு ரீச்சரிடம் சொன்னேன். சரித்திரம் படிப்பித்து ஓய்வு பெற்றவர்.

"உமக்கு மட்டுமோ பிள்ளை? அமெரிக்க ஜனாதிபதியாயிருந்த ரூஸ்வெல்ட்டின்ர மனுசிக்கும் இதே வருத்தம்தான்" என்றார்.

பெற்ற தாயே "கிழவி" என்று பட்டம் வைத்துக் கூப்பிட்ட பிள்ளையாம் எலினோர். பத்து வயதாகுமுன் தாய், தகப்பன் இருவரும் போய்விட்டார்கள். 1921இல் கணவருக்குப் போலியோ வந்தது. அவருடைய பெயர் அரசியலில் மங்காமல் இருக்க இவர்தான் மேடையேற வேண்டியிருந்தது. கீச்சுக் குரல், இடையிடையே காரணமில்லாத சிரிப்பு. கணவரின் ஆலோசகர் லூயிஸ் ஹவ் கூட்டத்தின் பின்னால் இருந்து கேட்டுவிட்டுச் சொன்ன புத்தி ஒன்றே ஒன்று. ரீச்சரின் தமிழில் அது இப்படி: "சொல்ல ஒரு விசயம் இருக்க வேணும். அதைச் சொல்லும். சொல்லிப்போட்டு இரும்."

அந்தச் சிரிப்புக்காரிதான் 1935 கடைசியில் தொடங்கி 1962 வரை, பெரும்பாலும் வாரத்தில் ஆறு நாள், பத்திரிகைக்குப் பத்தி எழுதினார். மனித உரிமைப் பிரகடனத்தை எழுதிய ஐ.நா. ஆணைக்குழுவுக்கும் தலைமை தாங்கினார். 1948 டிசம்பர் 10 அன்று பாரிஸில் அதை 48 நாடுகள் ஆதரித்தன, 8 நாடுகள் விலகி நின்றன, எதிர்த்து ஒரு வாக்கும் இல்லை. இலங்கை அப்போது ஐ.நா.வில் அங்கத்தவரே இல்லை. சேர்ந்தது 1955இல்.

ஆனால் என்னைப் பிடித்துக்கொண்டது 1938ஆம் ஆண்டுச் சம்பவம். அலபாமாவின் பர்மிங்ஹாமில் ஒரு மாநாடு. கறுப்பர் ஒரு பக்கம், வெள்ளையர் ஒரு பக்கம் இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். எலினோர் கறுப்பர் பக்கம் போய் இருந்தார். பொலிஸ் வந்து எழும்பச் சொன்னது. எழும்பினார், நாற்காலியைத் தூக்கி நடுவழியில் போட்டு அதில் இருந்தார். பேச்சு ஒன்றும் இல்லை. நாற்காலி மட்டும்தான்.

20 வருடம் கழித்து ஐ.நா.வில் அவரே கேட்டார், மனித உரிமைகள் எங்கே தொடங்குகின்றன என்று. வீட்டுக்குப் பக்கத்தில், எந்த வரைபடத்திலும் தெரியாத சின்ன இடங்களில் என்பது அவர் சொன்ன பதில். லிஃப்ட் நாலடிக்கு நாலடி.

கூட்டத்தில் மூன்று வசனம் பேசினேன். ஒருதரம் சிரித்தும் விட்டேன். பராமரிப்புச் செலவு, கரண்ட் பில் என்று ஏதேதோ சொல்லி அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டார்கள்.

திங்கள் காலை ஏழு மணிக்குக் கீழே போய் நின்றேன். "வேணாம் மிஸ், பிறகு உங்களுக்குத்தான் கரைச்சல்" என்றார் அக்கா. கதவு மூடாமல் காலை வைத்துக்கொண்டேன். அது கத்தத் தொடங்கவும் ஏறிவிட்டார். கூடவே கமிட்டிக்காரர் ஒருவரும் ஏறினார். ஆறாம் மாடி வரை அவர் இலக்கங்களையே பார்த்துக்கொண்டு வந்தார்.

*

தெஹிவளையிலிருந்து எழுதும் ஒரு வாசகர் நான். மேலே உள்ள லிஃப்ட் கதையை வாசித்ததும் எனக்கு அம்மாவின் ஞாபகம்தான் வந்தது. 1945 ஏப்ரலில் கணவர் இறந்தபோது எலினோர் ஒரு நிருபரிடம் "கதை முடிந்தது" என்றாராம். அந்த டிசம்பரிலேயே ஜனாதிபதி ட்ரூமன் அவரை ஐ.நா.வுக்கான அமெரிக்கக் குழுவில் போட்டார். வயது 61.

அப்பா போன பிறகு அம்மாவும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அதே 61இல் சிங்கள வகுப்பில் சேர்ந்தார். முதல் நாள் புதுக் கொப்பிக்கு உறை போட்டுப் பெயரும் எழுதிக்கொண்டு போனார். இப்போது மிச்சக் காசுக்குப் பஸ் கொண்டக்டரோடு சண்டை பிடிக்கிறார், சிங்களத்தில்.