கொழுந்துக் கூடை தைத்தால்தான் பை விற்குமா?

லிந்துலை தையல்காரி:
எங்கள் தேயிலைத் தோட்டத்து டிவிசனில் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து துணிப்பை தைக்கிறோம். பாதிப் பேர் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போய் வந்து மிச்ச நேரத்தில் உட்காருகிறவர்கள். இரண்டு பேர் கொழும்பு கார்மென்ட்ஸை விட்டு வந்தவர்கள். காட்டன் துணி, பழைய சேலைத் துண்டு, தேயிலைச் சாயம், கைத்தையல். இப்போது கொழும்புக் கடை ஒன்று மாதம் 200 பை கேட்கிறது, பைக்கு 450 ரூபாய். ஆனால் எங்கள் டிசைன் வேண்டாமாம். முதுகில் கூடையோடு கொழுந்து பறிக்கும் பெண் உருவம்தான் தைக்க வேண்டும். தொங்கும் அட்டையில் ‘மலைநாட்டு ஆதிவாசிப் பெண்களின் பாரம்பரியக் கைவினை, இயற்கைக்கு உகந்தது’ என்று அவர்களே அச்சடிப்பார்கள். எங்கள் குழுவின் பெயர் எங்கேயும் வராது. இதே மாதிரிப் பை அந்தக் கடையில் 2,200க்குத் தொங்குவதை என் தங்கச்சி பார்த்திருக்கிறாள்.

நாங்கள் இப்போது தைப்பது காமன் கூத்தில் வருகிற ரதி மதன் கிரீடம், தப்புப் பறை, கொழுந்து மட்டம் பார்க்கும் மட்டக்கம்பைச் சாய்த்து வைத்த மாதிரிக் கோடுகள். கேட்டதைத் தைத்துக் கொடுக்கலாமா? பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் நிற்கிறார்கள்.

கம்பளை யாவாரி:
இதில் கேட்க என்ன இருக்கிறது தங்கச்சி? மாதம் 90,000 ரூபாய் வியாபாரம். எல்ல ரயிலில் தொங்கிக்கொண்டு படம் எடுக்கிற வெள்ளைக்காரனுக்குக் காமன் கூத்தைத் தெரியுமா? கூடையும் முக்காடும் தெரியும். தெரிந்ததை வாங்குவான். முதலில் அடுப்பு எரியட்டும், அசலைப் பிறகு பார்க்கலாம்.

பண்டாரவளை மாஸ்டர்:
அட்டையில் இருப்பது பச்சைப் பொய். நம்மாட்கள் கோப்பிக் காலத்தில் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். 200 வருடம் ஆனதென்று 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தே போனோம். ஆதிவாசிகள் என்றால் வேடர்கள், மஹியங்கனைக்கு அந்தப் பக்கம் தம்பானையில் இருக்கிறார்கள். 1983இல் மாதுறு ஓயாவைத் தேசியப் பூங்காவாக்கியதில் வேட்டைக் காடு கைவிட்டுப் போனது. இன்று அவர்களில் பலர் சின்னக் கோடரியும் வில்லும் செய்து, வருகிறவர்களுக்கு விற்றுத்தான் பிழைக்கிறார்கள். அவர்களுடைய பெயரைத் தூக்கி நம் பையில் தொங்கவிட்டால் அவர்கள் யாவாரத்திலும் கைவைத்த மாதிரி.

அந்தக் கூடைப் படம் இருக்கிறதே, தேயிலைப் பெட்டிகளில் நூறு வருடத்துக்கு மேலாக இருக்கிறது. அதற்காக எந்தக் கொழுந்துக்காரியாவது ஒரு சதம் வாங்கியிருக்கிறாளா? இப்போது பல தோட்டத்தில் மூங்கில் கூடையே கிடையாது, நைலோன் சாக்குத்தான். இல்லாத கூடையைச் சுமக்கச் சொல்கிறது கடை.

கம்பளை யாவாரி:
மாஸ்டருக்கு மாதம் பிறந்தால் சம்பளம். சரி, ஆதிவாசி என்பதை எடுக்கச் சொல்லலாம், அது எனக்கும் சரியாகப் படவில்லை. படம் இருக்கட்டும்.

லிந்துலை தையல்காரி:
அண்ணே, கணக்கைக் கேளுங்கள். துணி, நூல், சிப், உள்துணி எல்லாம் போக ஒரு பைக்கு 290 நிற்கும். கோடும் தப்பும் என்றால் சீக்கிரம் முடியும். மனித உருவம் அப்படியில்லை. முகத்தில் மூக்கு ஒரு தையல் தள்ளினாலும் ஆளே மாறிப்போகும், விரல்களைப் பிரித்துக் காட்ட வேண்டும், இடுப்பில் கட்டுகிற படங்கின் மடிப்பு வேண்டும். ஒரு ஆளுக்கு நாள் முழுக்க உட்கார்ந்தால் இரண்டு பை. ஆக 580 ரூபாய். மலையில் நாள் பேர், அதாவது முழுநாள் வேலை, விழுந்தால் 2024இலேயே அடிப்படை 1,350 ஆகிவிட்டது.

கம்பளை யாவாரி:
அப்படியானால் உருவத்தை ஸ்கிரீன் பிரிண்ட் அடியுங்கள்.

பண்டாரவளை மாஸ்டர்:
அடித்துவிட்டு ‘பாரம்பரியக் கைவினை’ அட்டையைக் கட்டுங்கள். பேஷ்!

மடவளை நானா:
நான் மெனிக்ஹின்னவுக்குப் பக்கத்து ஆள். தும்பர பாய் நெய்கிற ஊர்களைச் சின்ன வயதிலிருந்து தெரியும். மருள் இலையைக் கட்டையில் வைத்துத் தகடால் இழுத்துச் சீவினால் பச்சைச் சதை வழிந்து வெள்ளை நார் நிற்கும். அலசி, காயப்போட்டு, சாயம் ஏற்றி, தரையோடு கிடக்கிற தறியில் நெய்வார்கள். சிவப்புக்குப் பதங்கிக் கட்டை, மஞ்சளுக்கு மரமஞ்சள், கறுப்புக்குக் கடுக்காய். அதில் வருகிற யானையும் மானும் கடைக்காரன் எழுதிக் கொடுத்ததல்ல. 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் அந்தக் கைத்தொழிலே ஏறியது. அசலுக்கு மதிப்பில்லை என்று யாவாரி சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஆனால் மாஸ்டர், நீங்களும் பாரம்பரியத்தை ரொம்பத் தூக்காதீர்கள். கண்டி ராஜாவுக்கு ஊழியமாகப் பாய் நெய்து கொடுக்க வைக்கப்பட்ட சாதி அது. தறியில் உட்கார்ந்தால் சாதி தெரிந்துவிடும் என்று விலகிப்போன இளசுகளும் உண்டு.

பண்டாரவளை மாஸ்டர்:
உண்மை நானா. லயத்து வரிசை வீடுகளிலும் தப்பு யார் அடிப்பது, கூடை யார் முடைவது என்று சொல்லித்தான் வளர்த்தார்கள். இந்தக் குழுவில் எல்லாரும் சேர்ந்து தப்பை டிசைனாகப் போடுவது எனக்குப் பிடித்ததே அதனால்தான்.

கோத்தகிரி பேரன்:
தாத்தா பாட்டி, தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் கண்டிச் சீமையிலிருந்து நீலகிரிக்கு வந்தவர்கள், அதனால் நானும் தலையிடுகிறேன். இங்கே பழங்குடித் தோடர் பெண்களின் பூத்தையலுக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெள்ளைத் துணியில் சிவப்பு கறுப்பு நூல், இழை எண்ணி எண்ணிப் போடும் தையல், துணியை இறுக்கும் மரச்சட்டம் கிடையாது, படம் வரைந்துகொள்வதும் கிடையாது. அப்படியும் அதே சிவப்பு கறுப்பில் மெஷின் தையலை ஊட்டிக் கடையில் பார்த்திருக்கிறேன். முத்திரை வாங்கிவிடலாம். அதை மீறுகிறவனைத் துரத்த மந்தில், அதாவது தோடர் குடியிருப்பில், இருக்கிற பாட்டிக்கு வக்கீல் வேண்டுமே. குறியீட்டை நம்பி உட்காராதீர்கள்.

கம்பளை யாவாரி:
இதைத்தான் நானும் சொல்கிறேன்!

கோத்தகிரி பேரன்:
இல்லை அண்ணா, நான் சொல்வது வேறு. வாங்குகிறவனுக்குத் தைத்தவளை நேரே தெரிந்தால் கள்ளச் சரக்கு எடுபடாது. உங்கள் கடைக்காரர் மறைக்கப் பார்ப்பதே அதைத்தானே?

ஹட்டன் பசங்க:
‘இயற்கைக்கு உகந்தது’ பற்றி யாருமே கேட்கவில்லையே. அக்கா, தேயிலைச் சாயத்துக்குத் தூள் எங்கேயிருந்து எடுக்கிறீர்கள்? பெக்டரியில் ஒதுக்குகிற கழிவுத் தூளென்றால் கவனம். தேயிலைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி அதை வைத்திருக்கவும் ஏற்றவும் உரிமம் வேண்டும்.

லிந்துலை தையல்காரி:
தெரியும் தம்பி, பெக்டரிப் பக்கமே போவதில்லை. டவுனில் இரண்டு தேத்தண்ணிக் கடையில் ஊறின சக்கையை வாங்கி வருகிறோம். கொதிக்க வைக்க விறகு கவாத்து மிலாறு, வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சி. துணியைப் படிகாரத் தண்ணீரில் முக்கிவிட்டுப் போட்டால் தேன் நிறம். துரு ஆணியை வினாகிரியில் ஊறவைத்த தண்ணீர் கொஞ்சம் விட்டால் மழைமேகச் சாம்பல். அந்த இரும்புத் தண்ணீர் கூடினால் நிறம் நன்றாகத்தான் இருக்கும், சில மாதத்தில் மடிப்பில் துணி இற்றுப்போகும். கைப்பிடிக்கு அதனால் சாம்பல் போடுவதில்லை.

இயற்கைச் சாயம் என்றதும் எல்லாம் நல்லதென்று நினைக்க வேண்டாம். நானா சொன்ன மரமஞ்சள் காட்டுக்கொடி. வேரோடு வெட்டி வெட்டி இங்கேயும் இந்தியாவிலும் அருகிப்போய் நிற்கிறது. மஞ்சள் கேட்டால் வெங்காயத் தோல் போடுகிறோம், கொஞ்சம் மங்கல்தான்.

ஹட்டன் பசங்க:
அப்படியென்றால் அட்டையில் எழுத வேண்டியதே இதுதான்: தேத்தண்ணிக் கடைச் சக்கை, மிலாறு, பழைய சேலை. கடைக்காரர் எழுதியதைவிட இது ஆயிரம் மடங்கு நல்லாயிருக்கு.

எனக்குப் படம் எதுவென்பதில் பெரிய சண்டை இல்லை. கொழுந்துக்காரி மகள் தன் அம்மாவைத் தன் இஷ்டப்படி தைத்தால் அது தப்பா? காசு யார் கணக்கில் விழுகிறது, பெயர் யார் பேரில் பதிவாகிறது, அதைப் பாருங்கள். வியாபாரப் பதிவுக்குப் பிரதேச செயலகம் போனால் இடம் யாருடையதென்று கேட்பார்கள். லயம் தோட்டத்துச் சொத்து, 1992இலிருந்து நிர்வாகம் கம்பனி கையில். தோட்டத்துக் கடிதம், கிராம சேவகர் கடிதம் என்று அலைய வேண்டும். அந்த அலைச்சலுக்குப் பயந்துதான் குழுக்கள் கடைக்காரன் பெயருக்குக் கீழே ஒதுங்குகின்றன. அலைந்து எடுத்துவிடுங்கள். கூட்டுக்குறி என்று, உறுப்பினர் எல்லாரும் பாவிக்கிற வியாபாரக் குறி ஒன்றைப் புலமைச் சொத்து அலுவலகத்தில் குழுவாகப் பதியவும் வழி இருக்கிறது, 2003ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே.

கம்பளை யாவாரி:
தம்பி பேசுவது சரிதான், ஆனால் அதற்கெல்லாம் மாதக்கணக்காகும். அதுவரைக்கும் துணி வாங்க யார் தருவது? வட்டிக்கு எடுத்தால் என்ன ஆகும் என்று தோட்டத்தில் கேட்டுப் பாருங்கள்.

மடவளை நானா:
இந்த ஒரு கேள்விக்காகவே யாவாரியை மன்னிக்கலாம்.

லிந்துலை தையல்காரி:
நேற்றுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசினோம். கடைக்கு இப்படி எழுதப்போகிறோம்: மாதம் 60 பை, எங்கள் டிசைன், பைக்கு 900, பாதிக் காசு முன்பணம். அட்டையில் எங்கள் குழுப் பெயரும் ஊரும் நாங்களே எழுதுவோம், ஆதிவாசி என்ற சொல் வரவே கூடாது. கூடைக்காரி படம் வேண்டுமென்றால் 1,500. முகம் யார் சாயலில் என்பதைத் தைக்கிறவள் முடிவு செய்வாள்.

கம்பளை யாவாரி:
முன்பணம் தரவே மாட்டான், எழுதி வையுங்கள். அவன் மாட்டேன் என்றால் எனக்கு அறிவியுங்கள். கண்டியில் எசலப் பெரஹரத் திருவிழா நேரம் நான் கடை போடுவேன், ஒரு மேசை விடுகிறேன். வாடகை வேண்டாம். ஆனால் கூடைப் பை பத்தாவது கொண்டு வாருங்கள், எது முதலில் தீர்கிறது என்று பார்த்துவிடலாம்.

பண்டாரவளை மாஸ்டர்:
பந்தயமா? தப்புப் பையில் ஒன்று என் கணக்கில்.

கம்பளை யாவாரி:
அது விற்பனையில் சேராது மாஸ்டர்.