நார்சிஸ் பாம்புக் குழிகளுக்கு அம்மாவை எப்போது கூட்டிப் போகலாம்?

வைகைக்கரை பாலா:

வணக்கம். கனடாவில் வின்னிபெக் வந்து இரண்டு வருடம் ஆகிறது. சோழவந்தானிலிருந்து அம்மா ஏப்ரல் கடைசியில் வருகிறார், மே முழுக்க இங்கேதான். வயல் வரப்பிலேயே வளர்ந்தவர். இருட்டிவிட்டால் பாம்பு என்ற சொல்லே அவர் வாயில் வராது, "பூச்சி" என்றுதான் சொல்வார். நார்சிஸில் வசந்த காலத்தில் ஆயிரக்கணக்கில் பாம்புகள் வெளியே வரும் என்று போனில் சொன்னேன். "அதைக் காட்டாம என்னத்தைக் காட்டப்போற" என்று கேட்டுவிட்டார்.

சிக்கல் என்னவென்றால், போன மே மாதம் நான் ஒரு சனிக்கிழமை தனியாகப் போனேன். கூட்டத்துக்குப் பயந்து காலை எட்டரைக்கே போய்ச் சேர்ந்து, நான்கு குழிகளையும் சுற்றி வந்தேன். கண்ணில் பட்டது மொத்தம் பதினொன்று. பெட்ரோல் காசுதான் வீண். அம்மாவுக்கு முழங்கால் வலி வேறு, இரண்டு தடவை இழுத்தடிக்க முடியாது. எந்த வாரம், எந்த நேரம் போவது? கிட்டத்தில் போனால் ஆபத்து உண்டா?

பதினேழாம் சாலை லாரிக்காரன்:

தம்பி, வாரத்தைத் தப்பாகப் பிடிக்கவில்லை, நேரத்தைத்தான் தப்பாகப் பிடித்திருக்கிறீர்கள். பாம்புக்குச் சூரியன்தான் அடுப்பு. எட்டரை மணிக்கு அது கல்லுக்கு அடியில் சுருண்டு கிடக்கும். பதினொன்றுக்கு மேல் மூன்றுக்குள் போங்கள். முதல் நாள் மழையும் குளிருமாக இருந்து மறுநாள் வெயில் அடித்தால் அந்த நாளை விடவே விடாதீர்கள். காற்று பலமாக இருந்தாலோ வானம் மூடியிருந்தாலோ வீட்டிலேயே இருங்கள். ஏப்ரல் கடைசியில் தொடங்கும், மே இரண்டாம் வாரம் வாக்கில் உச்சம். அன்னையர் தின ஞாயிறன்று மட்டும் வேண்டாம், பாம்பை விட மனிதர்கள் அதிகம்.

நான் இந்தப் பதினேழாம் நெடுஞ்சாலையில் பதினான்கு வருடமாக மாட்டுத் தீவனம் ஏற்றிப் போகிறவன். வண்டியை ஓரங்கட்டி எத்தனை மதியச் சாப்பாட்டை அங்கே சாப்பிட்டிருப்பேன் என்று கணக்கில்லை. அந்த உரிமையில் சொல்கிறேன்: நான்கு குழிகளையும் பார்க்க வேண்டும் என்ற வெறியை விடுங்கள். அந்தச் சுற்றுப்பாதை 3 கிலோமீட்டர், அம்மாவின் முழங்காலுக்கு அது ஆகாது. எந்தக் குழியில் இன்று நடமாட்டம் அதிகம் என்று எதிரே திரும்பி வருகிறவர்களிடம் கேளுங்கள். ஒரு மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நேரே அங்கே போய் ஒரு மணி நேரம் உட்காருங்கள்.

உட்கார்ந்தால்தான் விஷயம் புரியும். ஆண்கள்தான் முதலில் வெளியே வருவார்கள். வந்தவர்கள் போகமாட்டார்கள், வாரக்கணக்கில் பட்டினியோடு வாசலிலேயே காவல் கிடப்பார்கள். பெண்கள் பிறகு ஒவ்வொன்றாக வெளிவரும். பெண் பெரிது, உடம்பு தடிப்பு. அவள் தலையை நீட்டியதும் தோலிலிருந்து வரும் வாசனையை நாக்கால் பிடித்துக்கொண்டு பத்தோ ஐம்பதோ ஆண்கள் மேலே விழுவார்கள். அந்தப் பந்து உருளும், சரிவில் இறங்கும், மரக்கிளையிலிருந்துகூடத் தொங்கும். ஒரு ஆண் கூடியதும் பந்து மெல்ல அவிழும். அவள் கிளம்பிவிடுவாள், மற்றவர்கள் அடுத்தவளைத் தேடுவார்கள். சத்தமும் உண்டு, காய்ந்த சருகு மேல் தூறல் விழுகிற மாதிரி.

இதில் ஒரு திருட்டும் நடக்கிறது. குளிர்த் தூக்கத்திலிருந்து அப்போதுதான் எழுந்து வந்த ஆண்கள் சிலரிடம் பெண்ணின் வாசனை அடிக்கும். மற்றவர்கள் ஏமாந்து மேலே விழுவார்கள், இவருக்கு ஓசியில் சூடு கிடைக்கும். உடம்பு சீக்கிரம் சூடானால் காக்கையிடமிருந்து தப்பலாம். அங்கே காக்கை பாம்பைப் பிடித்தால் ஈரலை மட்டும் கொத்தி எடுத்துவிட்டுப் போகும், அவ்வளவு நறுவிசு. ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் மேசன் பல பத்தாண்டுகளாக வந்து ஆராய்வது இந்த வாசனை வித்தைகளைத்தான்.

ஆபத்து என்று ஒன்றும் இல்லை. இது செம்பக்கக் கார்ட்டர் பாம்பு (red-sided garter snake), நம்மூர்த் தண்ணீர்ப் பாம்புக்குத் தூரத்துப் பங்காளி. ஆனால் தண்ணீர்ப் பாம்பு முட்டையிடும், இது குட்டி போடும். கையில் எடுத்தால் நாறும் திரவம் ஒன்றைப் பீய்ச்சிவிடும், இரண்டு முறை சோப்புப் போட்டாலும் போகாது. எடுக்காதீர்கள். உண்மையான தொல்லை உண்ணிதான். பேண்ட்டின் கால்களைக் காலுறைக்குள் செருகுங்கள். அம்மா புடவையில் வந்தால் திரும்பி வந்ததும் கணுக்காலை நன்றாகப் பார்த்துவிடுங்கள்.

வழி: ஏழாம் சாலையில் டியூலான் வரை, அங்கிருந்து பதினேழாம் சாலை. நார்சிஸ் ஊரைத் தாண்டி 6 கிலோமீட்டர். மொத்தம் ஒன்றரை மணி நேரம். தண்ணீர், சாப்பாடு எல்லாம் கையோடு கொண்டு போங்கள்.

கீழக்கரை நிலா:

அண்ணே, ஊரில் சாரையும் நாகமும் பின்னிக்கொண்டு நிற்குமே, அதுவும் இதே சங்கதிதானா? புது வேட்டியை மேலே போட்டு எடுத்து பீரோவில் வைத்தால் செல்வம் சேரும் என்று எங்கள் பெரியப்பா ஒன்று வைத்திருந்தார். செல்வம் வரவில்லை, அந்துப்பூச்சிதான் வந்தது.

பதினேழாம் சாலை லாரிக்காரன்:

அது வேறம்மா. அங்கே நாகமே கிடையாது. இரண்டுமே சாரை, அதுவும் இரண்டும் ஆண். யார் பெரியவன் என்று ஒன்றை ஒன்று கீழே அமுக்கப் பார்க்கிற மல்யுத்தம். நார்சிஸில் இந்தச் சண்டையே பார்க்க முடியாது. ஆண்கள் ஒருவரை ஒருவர் கடிப்பதில்லை, அடிப்பதில்லை, முண்டியடிப்பதோடு சரி. அரசுப் பேருந்தில் ஜன்னல் சீட்டுக்குத் துண்டு போடுகிறவர்களை விட நாகரிகமானவர்கள்.

செப்டம்பர் கட்சி:

எல்லோரும் மே மே என்றே சொல்கிறீர்கள். எனக்கு செப்டம்பர்தான் பிடிக்கும். கோடை முழுக்கச் சதுப்பில் தவளை பிடித்துக்கொண்டிருந்தவை, 20 கிலோமீட்டர் தொலைவிலிருந்துகூடத் தங்கள் பழைய குழிக்கே திரும்பி வருகின்றன. பந்தும் கிடையாது, பரபரப்பும் கிடையாது. தின்று கொழுத்த உடம்போடு வெயில் காய்ந்துகொண்டு, குளிர் இறுகும் வரை குழிவாசலில் சும்மா கிடக்கும். கூட்டமும் குறைவு, என் இரண்டு பிள்ளைகளும் ஆளுக்கொரு பாம்புக்குப் பேர் வைக்கும் அளவுக்கு நேரம் கிடைக்கும். அந்தக் கோடையில் பிறந்த குட்டிகளை மட்டும் அங்கே தேடாதீர்கள், முதல் குளிர்காலத்தில் அவை இந்தக் குழிகளுக்கு வருவதில்லை.

பதினேழாம் சாலை லாரிக்காரன்:

செப்டம்பர் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு அந்த மாதத்தில் கை கொஞ்சம் நடுங்கும். குழி சாலைக்கு ஒரு பக்கம், சதுப்பு மறுபக்கம். சாயங்காலம் தார் ரோடு சூடாக இருக்கும், அதில் நீளமாகக் கிடக்கும். இந்தத் தடத்தில் எனக்கு முன்னால் ஓட்டியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன், சக்கரத்துக்கு அடியில் சதசதவென்று இருக்குமாம். ஆண்டுக்குப் பத்தாயிரம் வரை அப்படிச் செத்தன.

1998-99 குளிர்காலத்தில் வேறு விதமான அடி. குளிர் கடுமையாக இறங்கியதில் பல்லாயிரம் பாம்புகள் ஒரே பருவத்தில் போய்விட்டன. குழி என்பது சும்மா மண் பொந்து அல்ல. சுண்ணாம்புப் பாறையைத் தண்ணீர் அரித்து உண்டான வெடிப்பு. அதன் வழியாக உறைபனி எட்டாத ஆழத்துக்கு இறங்கினால்தான் உயிர் தங்கும். அந்தச் சாவுக்குப் பிறகுதான் சாலைச் சாவையாவது குறைப்போம் என்று முழுமூச்சாக இறங்கினார்கள். ரோட்டுக்கு அடியில் சின்னச் சின்னச் சுரங்கக் குழாய், பாம்பை அதற்குள் திருப்பிவிட ஓரத்தில் குட்டை வேலி. இப்போது எவ்வளவோ பரவாயில்லை. ஆனாலும் வேலிக்கு அகப்படாதது நாலு வரும். செப்டம்பரில் போகிறவர்கள் தயவுசெய்து வேகத்தைக் குறையுங்கள். பின்னால் லாரி ஹாரன் அடித்தால் அது நானாக இருக்காது.

வைகைக்கரை பாலா:

போய் வந்துவிட்டோம். திங்கள் முழுக்க மழை, செவ்வாய் பளீரென்று வெயில். ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டுப் பன்னிரண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். எதிரே வந்த ஒரு பெரியவர் மூன்றாவது குழியைக் காட்டினார். அண்ணன் சொன்னபடி நாற்காலி போட்டு அம்மாவை உட்கார வைத்தேன்.

முதல் ஐந்து நிமிடம் அம்மா பேசவே இல்லை. குழியின் அடித்தரை அசைகிறதா, பாம்பு அசைகிறதா என்று எனக்கே தெரியவில்லை. அப்புறம் தடித்த ஒன்று பாறை இடுக்கிலிருந்து தலையை நீட்டியது, அவ்வளவுதான், நாலா பக்கமிருந்தும் ஓடி வந்தார்கள். "கல்யாண வீட்டுப் பந்தி மாதிரில்ல விழுறானுங்க, அந்தப் புள்ளைக்கு மூச்சு முட்டாதா" என்று அம்மா கத்த, பக்கத்தில் நின்ற பெண் என்ன சொன்னார் என்று கேட்டார். மொழிபெயர்க்கச் சிரமப்பட்டேன்.

ஒன்றே முக்கால் மணி நேரம் இருந்தோம். ஒரு குழிதான் பார்த்தோம், எனக்கு அதுவே போதும் என்றாகிவிட்டது. நாற்காலிக்கு அடியில் ஒன்று புகுந்து போனபோது அம்மா காலைத் தூக்கிக்கொண்டு "போ தாயி, போ" என்றார். அது ஆண் என்று திருத்தினேன், அவர் காதில் வாங்கவில்லை.

அண்ணன் சொல்லைக் கேட்காமல் நான் ஒன்றைக் கையில் எடுத்துவிட்டேன். இன்று மூன்றாவது நாள், சாம்பார் சாதம் பிசைந்தால்கூட அந்த வாடைதான்.

கிளம்பும்போதுதான் தெரிந்தது, அம்மா கைப்பையில் புத்தம்புது வெள்ளைத் துண்டு ஒன்றை மடித்து வைத்திருந்திருக்கிறார். பந்து மேலே போட. சாரைக் கதையை எடுத்துச் சொன்னேன். "இது சாரை இல்லன்னு நீதானே சொன்ன" என்று மடக்கினார். கம்பித் தடுப்புக்கு மேலாக வீச எட்டாது என்று சொல்லித்தான் நிறுத்த முடிந்தது. துண்டு காரின் பின்சீட்டிலேயே கிடந்தது. நேற்று உதறினேன், ஒரே ஒரு உண்ணி.