பங்கில் மெழுகுதிரிக் கூடம்: மனநோய், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு வேலை கொடுக்க எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி (பங்குப் பேரவை, தூத்துக்குடி)

எங்கள் பங்கில் (ஒரு கத்தோலிக்கக் கோயிலைச் சேர்ந்த சமூகத்தில்) 11 பேருக்கு வேலை ஏற்படுத்தித் தர பேரவையில் முடிவாகியிருக்கிறது. ஆறு பேருக்கு அறிவுசார் குறைபாடு, அதில் இருவருக்கு வலிப்பும் உண்டு. நான்கு பேருக்கு மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா). ஒருவருக்கு இருமுனைக் கோளாறு (பைபோலார்), அதற்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறார். பழைய மறைக்கல்வி மண்டபம், 20க்கு 30 அடி, சும்மா கிடக்கிறது. கோயிலிலும் கெபியிலும் (மாதா குகையிலும்) எரிந்து மீந்த மெழுகு மாதம் 40 கிலோவாவது சேரும். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்குத் திரி தயாராக வேண்டும் என்பது ஃபாதரின் விருப்பம். என்ன அனுமதி வேண்டும்? கொதிக்கும் மெழுகை வைத்துக்கொண்டு இவர்களை எப்படி வேலை செய்ய விடுவது? கூலியை எப்படிக் கணக்கிடுவது?

பதில் 1 (தொழில்வழி சிகிச்சை, வேலூர்)

மெழுகுதிரி நல்ல தேர்வு. அதில் பத்து சின்ன வேலைகள் இருக்கின்றன, தீயும் சூடும் உள்ளவை இரண்டே. காய்ச்சுவது, ஊற்றுவது இரண்டையும் கதவுள்ள தனி மூலையில் வையுங்கள். வலிப்பு உள்ள இருவருக்கும் அந்தப் பக்கம் வேலை கூடாது. மாத்திரையால் கை நடுங்குபவர்களுக்கும் ஊற்றும் வேலை வேண்டாம்.

மெழுகை நேரே அடுப்பில் வைக்காதீர்கள். தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் மெழுகுப் பாத்திரம், கீழே இண்டக்‌ஷன் அடுப்பு. தண்ணீர் இருக்கும்வரை மெழுகு 100 டிகிரியைத் தாண்டாது. வற்றினால்தான் ஆபத்து, அதனால் அரை மணிக்கு ஒருமுறை தண்ணீரைப் பார்ப்பது ஒருவரின் பொறுப்பாக இருக்கட்டும். மெழுகு தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது, தீ வெடித்துப் பரவும். மூடியால் மூடி அடுப்பை அணையுங்கள். உலர்தூள் தீயணைப்பான் ஒன்றும் ஒரு வாளி மணலும் வாசலருகே இருக்க வேண்டும். தோலில் மெழுகு பட்டால் உரித்து எடுக்காமல் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் பிடிக்கச் சொல்லுங்கள்.

மீந்த மெழுகில்தான் பலர் சறுக்குகிறார்கள். முதலில் நிறம் பிரிக்க வேண்டும், எல்லாவற்றையும் சேர்த்து உருக்கினால் சேற்று நிறம்தான் வரும். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களில் பலர் இந்தப் பிரிக்கும் வேலையை மிகச் சுத்தமாகச் செய்வார்கள். ஈரம் இருந்தால் காய்ச்சும்போது தெறிக்கும், ஆகவே இரண்டு நாள் வெயில் படாத இடத்தில் காயவிடுங்கள். உருகியதைத் துணியில் வடிகட்டி, அரை மணி நேரம் அசைக்காமல் வைத்து, மேலே தெளிந்ததை மட்டும் மொண்டு எடுங்கள். அடியில் தங்கும் கரியும் திரித்துணுக்கும் புதுத் திரிக்குள் போய் அடைத்துக்கொள்ளும், பாதியிலேயே சுடர் அணையும். ஒரு பங்கு பழையதுக்கு மூன்று பங்கு புது மெழுகு, கூடவே மெழுகைக் கெட்டியாக்கும் ஸ்டியரிக் அமிலம் பத்தில் ஒரு பங்குக்கு மிகாமல். 75 முதல் 80 டிகிரியில் ஊற்ற வேண்டும். ஆறிப்போய் ஊற்றினால் மெழுகுதிரியைச் சுற்றி வளையம் வளையமாகக் கோடு விழும். ஆறும்போது மெழுகு சுருங்கி நடுவில் குழியும், அதை இரண்டாம் முறை ஊற்றி நிரப்புங்கள்.

எண்ணத் தெரியாதவர் எப்படிப் பத்துத் திரி கட்டுவார் என்று கேட்பார்கள். ஒரு பலகையில் பத்துப் பள்ளம் வெட்டுங்கள். பள்ளம் எல்லாம் நிரம்பினால் கட்டு தயார். நூல்திரி வெட்ட, பலகையில் திரியின் நீளத்துக்கு இரண்டு ஆணி அடித்தால் போதும், ஆணியில் சுற்றி வெட்டினால் ஒரே அளவாக வரும். வேலையைப் பிழையில்லாமல் செய்ய உதவுவது இந்தப் பலகைதான், மேற்பார்வையாளரின் சத்தம் அல்ல.

நேரத்தையும் கவனியுங்கள். இரவு மாத்திரையின் மந்தம் பலருக்குக் காலை 9 மணிக்குள் தெளியாது. 10 மணிக்குத் தொடங்கி நான்கு மணி நேரம் போதும். உட்கார முடியாமல் கால் துடித்துக்கொண்டே இருந்தால் அது சோம்பலோ திமிரோ இல்லை, பல சமயம் மாத்திரையின் பக்கவிளைவு. அவருக்கு நடந்து செய்யும் வேலை கொடுங்கள், மருத்துவரிடமும் சொல்லச் சொல்லுங்கள். லித்தியம் சாப்பிடுபவருக்கு உடலில் நீர் குறைந்தால் மருந்து இரத்தத்தில் ஏறி விஷமாகும். அடுப்பு மூலையில் அவரை வைக்காதீர்கள், பக்கத்தில் தண்ணீர்ப் பாட்டில் இருக்கட்டும். தவக்காலத்தில் ஒருசந்தி (நோன்பு) இருக்க வேண்டாம் என்று ஃபாதரே அவரிடம் சொல்வது நல்லது, நம் பேச்சைவிட அது எடுபடும்.

பதில் 2 (சட்ட உதவி)

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 50 மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுவனம் நடத்தப் பதிவுச் சான்று வேண்டும் என்கிறது. தொடங்குவதற்கு முன்பே மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். யாரையும் இரவு தங்கவைக்காதீர்கள். தங்கவைத்தால் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன் பதிவும் ஆய்வும் வந்துவிடும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்தார்கள். அந்த நினைவோடுதான் எந்த அதிகாரியும் உங்கள் மண்டபத்தைப் பார்ப்பார், பார்க்கவும் வேண்டும். வெளியே திறக்கும் இரண்டு கதவு வையுங்கள்.

கூலியை 'உபகாரம்' என்று எழுதாதீர்கள். நேரம் குறித்து, வேலை வாங்கி, பொருளை விற்கிறீர்கள் என்றால் அது வேலை, குறைந்தபட்சக் கூலி பொருந்தும். நான்கு மணி நேரத்துக்கு அதற்குரிய பங்கு. பயிற்சிக் காலம் வேண்டுமானால் மூன்று மாதம் என்று தேதி போட்டு எழுதிக்கொள்ளுங்கள். பயிற்சி என்ற பெயரில் ஆண்டுக்கணக்கில் வேலை வாங்குவது இந்த மாதிரிக் கூடங்களில் நடக்கும் பெரிய அநியாயம். பணம் அவரவர் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் விழட்டும். நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு வழங்கும் பாதுகாவலர் சான்று அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம் போன்றவற்றுக்குத்தான். கணக்குத் தொடங்க மனநோய் மட்டும் உள்ளவரிடம் அதைக் கேட்கும் வங்கி தவறாகக் கேட்கிறது.

பதில் 3 (பெயர் வேண்டாம்)

அடிப்படையிலேயே எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. 2022இல் ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமைக் குழு தனது 8ஆம் பொதுக் கருத்துரையில், தனிக் கூடத்தில் ஒதுக்கி வேலை கொடுப்பதை வேலை உரிமையின் நிறைவேற்றமாகக் கொள்ள முடியாது என்றது. ஜெர்மனியின் பெத்தேலில் 1867இல் திருச்சபை சார்பில் தொடங்கிய இல்லம் இதை நெடுங்காலமாகச் செய்கிறது. அந்த நாட்டின் தனிக் கூடங்களிலிருந்து வெளியே வேலைக்குப் போகிறவர்கள் மிகக் குறைவு என்ற குற்றச்சாட்டு இன்றும் உண்டு. உங்கள் மறைமாவட்டத்தில் பள்ளி, மருத்துவமனை, விடுதி, அச்சகம் எல்லாம் இருக்கின்றனவே. நூலகத்தில் புத்தகம் அடுக்க, துணி மடிக்க, தோட்டத்துக்கு ஆள் வேண்டாமா? மனச்சிதைவு உள்ள நால்வரில் யாருக்கு எந்த வேலை பிடிக்கும் என்று கேட்டு, நேரே அங்கே சேர்த்துவிட்டு, உடன் நின்று பழக்குங்கள். முதல் இரண்டு வாரம் முழு நேரம் கூட இருங்கள், பிறகு வாரம் மூன்று நாள், பிறகு ஒரு நாள். 'தயாராகட்டும்' என்று காத்திருந்தால் யாரும் தயாராக மாட்டார்கள்.

கேள்வி கேட்டவர்

நன்றி. சாத்தியப்படுபவர்களைப் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் கேட்டுப்பார்க்கிறோம். ஒரு சிக்கல்: குணமளிக்கும் செபக்கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். பிறகு வேலைக்கு வருவதில்லை.

பதில் 1 (தொழில்வழி சிகிச்சை, வேலூர்)

செபத்தைத் தடுக்க வேண்டாம், ஆனால் செபம் நடத்துபவரே "மாத்திரையை விடாதே" என்று மேடையில் சொல்ல வேண்டும். அவரிடம் அப்படிக் கேட்டுக்கொள்ள ஃபாதரிடம் சொல்லுங்கள். கூடத்தில் செபம் கட்டாயம் வேண்டாம், பிற மதத்தினரும் வருவார்கள். மாத்திரையை நீங்கள் வாங்கி வைத்து ஊட்டாதீர்கள், அது அவரும் வீட்டாரும் மருத்துவரும் பார்க்கும் விஷயம். நீங்கள் கவனிக்க வேண்டியது தூக்கம் குறைவதையும் பேச்சு மாறுவதையும். மூன்று நாள் வராவிட்டால் யாராவது வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். மருத்துவமனையில் சேர்ந்து ஒரு மாதம் கழித்து வந்தாலும் அவர் இருக்கையும் அவர் பலகையும் அப்படியே இருக்கட்டும். முதல் வாரம் தினம் இரண்டு மணி நேரம் போதும்.