காப்புரிமை உரிமையாளர் தரவை வட்டார வரைபடமாக்க உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். காப்புரிமைகள் எந்தெந்த வட்டாரங்களின் கையில் இருக்கின்றன என்பதைக் காட்டும் ஊடாடு வரைபடம் ஒன்றை, ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு) வெளியிடும், காப்புரிமைகளை வட்டாரவாரியாகத் தரும் ரெக்பாட் தரவுத்தளத்தைக் கொண்டு உருவாக்கி வருகிறேன். அத்தரவு விண்ணப்பதாரர், கண்டுபிடிப்பாளர் ஆகிய இரு தரப்பின் முகவரிகளையும் வட்டாரக் குறியீட்டுடன் தருவதால், ஒரே காப்புரிமையை இரண்டு விதமாக வரைபடத்தில் வைக்க முடிகிறது. சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

கண்டுபிடிப்பாளர் மூவரில் இருவர் ஒரு வட்டாரத்திலும் ஒருவர் இன்னொன்றிலும் இருந்தால், பின்னக் கணக்கில் 2/3, 1/3 என்று பிரித்துவிடலாம். ஆனால், விண்ணப்பித்த நிறுவனத்தின் தலைமையகம் மூன்றாவது வட்டாரத்தில் இருக்கும்போது, விண்ணப்பதாரர் முகவரிப்படி வரையும் உரிமை வரைபடத்தில் அந்த ஓரிடம் மட்டும் அடர்நிறம் பெற, ஆய்வு நடந்த இரண்டு இடங்களும் வெளிறிப் போகின்றன. பார்ப்பவர் இதிலிருந்து தவறான முடிவுக்கு வந்துவிடுவார் என்பதே என் பெரிய கவலை.

விண்ணப்பதாரர், கண்டுபிடிப்பாளர் வரைபடங்கள் இரண்டையும் அருகருகே வைத்து, ஒன்றில் வட்டாரத்தைத் தொட்டால் மற்றதிலும் அது ஒளிரும்படி செய்வது நல்லதா? இரு தரப்பு வட்டாரங்களையும் வளைகோடுகளால் இணைத்துப் பார்த்தேன். கோடுகள் பெருகியதும் நூல்கண்டு சிக்கியதுபோல் ஆகிவிட்டது. இத்தகைய தரவைக் கையாண்டவர்கள், குறிப்பாக, இணையத்தில் தரவைப் படமாக்க உதவும் டி3 நிரலகத்தில் பழக்கமுள்ளவர்கள், தங்கள் அனுபவத்தைப் பகிர்ந்தால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.