மாணவி நம்பிச் சொன்னதை வீட்டாருக்குச் சொல்லலாமா? புதிய துணை வார்டனின் கேள்வி

கேள்வி: துணை வார்டன், கோவை

அனைவருக்கும் வணக்கம். தனியார் பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருக்கும் எனக்கு, இந்தக் கல்வியாண்டு முதல் மாணவியர் விடுதியில் முதலாமாண்டுப் பிரிவைக் கவனிக்கும் பொறுப்பையும் கொடுத்திருக்கிறார்கள். அவுட்பாஸில் கையெழுத்திடுவது, இரவு வருகைப்பதிவு எடுப்பது, மெஸ் புகார்களைக் கேட்பது எல்லாம் பழகிவிட்டன. என் கவலை வேறு.

அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து வந்த ஒரு மாணவி (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்) வகுப்பில் நடத்துவது எதுவும் புரியவில்லை என்றும், இரவில் தூக்கம் வருவதில்லை என்றும் என்னிடம் அழுதாள். இரவு உணவுக்கு அவள் மெஸ் பக்கமே வருவதில்லை. வீட்டுக்குத் தெரிந்தால் படிப்பை நிறுத்திவிட்டு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடுவார்கள், தயவுசெய்து சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டாள். அவளுடைய அப்பாவோ ஞாயிறு தவறாமல் என்னை அழைத்து, “பிள்ளை நல்லா இருக்குதுங்களா மேடம்?” என்று விசாரிக்கிறார். நடந்ததையெல்லாம் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது நிர்வாகத்தின் உத்தரவு. நான் யாருக்கு, எதைச் சொல்ல வேண்டும்?

மறுமொழி 1: ஓய்வுபெற்ற வார்டன், திருச்சி

அம்மா, அந்தப் பிள்ளை உங்களிடம் வந்து பேசியதே பெரிய காரியம். வார்டனிடம் சொன்னால் மறுநாள் துறைத் தலைவருக்கும் அதற்கு மறுநாள் வீட்டுக்கும் போய்விடும் என்ற எண்ணம் ஒரு விடுதியில் பரவிவிட்டால், அதற்குப் பிறகு எந்தப் பிள்ளையும் வாய் திறக்காது. அதற்காக, “யாரிடமும் சொல்லமாட்டேன்” என்று முழு வாக்குறுதியும் கொடுத்துவிடாதீர்கள். “உன் உயிருக்கு ஆபத்து என்று எனக்குத் தோன்றினால் மட்டும் சொல்வேன், அப்போதும் முதலில் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் சொல்வேன்” என்று இப்போதே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

அப்பாவிடம் பொய் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த முறை அவர் அழைக்கும்போது மகளை உங்கள் அறைக்கு வரவழைத்து அவளையே பேசவையுங்கள். என்ன சொல்லலாம் என்பதை முன்கூட்டியே அவளோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். பாடம் கடினமாக இருக்கிறது என்பதை மட்டுமாவது அவளே தன் வாயால் சொல்லிவிட்டால் பாதிப் பாரம் இறங்கிவிடும். பதிவேட்டில் தேதியும் “உடல்நலம் விசாரிக்கப்பட்டது, ஆலோசகரைப் பார்க்க அறிவுறுத்தப்பட்டது” என்ற வரியும் இருந்தால் போதும். அலுவலகத்தில் பலர் புரட்டும் நோட்டில் ஒரு பெண்ணின் கண்ணீரை எழுதி வைக்கக் கூடாது.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு இடஒதுக்கீட்டில் சேர்ந்தவளா என்றும் பாருங்கள். அப்படிச் சேர்ந்தவர்களுக்குக் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. வீட்டில் படிப்பை நிறுத்தச் சொல்வதற்குப் பணமும் ஒரு காரணமாக இருந்தால் இந்தச் செய்தி உதவும். அறைத்தோழியிடம் சொல்லி, இரவில் கொஞ்சம் கவனித்துக்கொள்ளச் செய்யுங்கள்.

மறுமொழி 2: கல்லூரி உளவியல் ஆலோசகர், சென்னை

ஐயா சொன்னவற்றில் கடைசி வரியோடு மட்டும் எனக்கு உடன்பாடில்லை. பதினெட்டு வயதுப் பிள்ளை ஒருத்தியை இன்னொருத்திக்குக் காவல் வைப்பது இருவருக்குமே பாரம். மாணவியின் சம்மதம் இல்லாமல் அறைத்தோழியிடம் எதையும் சொல்ல வேண்டாம்.

தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் நாட்டமின்மை ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் காட்டுவது அவசியம். “சாக வேண்டும் என்று எப்போதாவது தோன்றுகிறதா?” என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடும் என்ற பயம் பலருக்கு உண்டு. அதற்கு ஆதாரம் இல்லை. யாராவது கேட்டார்களே என்ற ஆறுதல்தான் பெரும்பாலும் மிஞ்சும். தோன்றுகிறது என்று சொன்னால் அவளைத் தனியே விடாதீர்கள், அன்றிரவே உதவியை நாடுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவிச் சேவை) எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். அந்த எண்ணை அறிவிப்புப் பலகையில் மட்டுமல்லாமல் குளியலறைக் கதவின் உட்புறத்திலும் ஒட்டிவையுங்கள். யார் பார்க்கிறார்கள் என்ற கூச்சமில்லாமல் குறித்துக்கொள்ள முடியும்.

மறுமொழி 3: ராகிங் தடுப்புக் குழு உறுப்பினர், மதுரை

பகலில் மெஸ்ஸுக்கு வருகிற மாணவி இரவில் மட்டும் வருவதில்லை என்றால், அந்த நேரத்தில் அங்கே யார் இருக்கிறார்கள் என்பதைப் பார்த்தாக வேண்டும். 1996இல் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பிறகு, 1997இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டமே வந்தது. இருந்தாலும் கேலியாகவும் மிரட்டலாகவும் அது இன்னும் தொடரத்தான் செய்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிமுறைப்படி, முதல் மூன்று மாதங்களுக்கு இரு வாரங்களுக்கு ஒருமுறை முதலாமாண்டு மாணவர்களிடம் பெயர் குறிப்பிடாத கருத்தாய்வு நடத்த வேண்டும். உங்கள் விடுதியில் அது நடக்கிறதா என்று கேளுங்கள். நடந்தால், இந்த மாணவியை யாரும் தனியாகச் சுட்டாமலே உண்மை வெளிவர வாய்ப்பு உண்டு. புகாருக்கு 1800-180-5522 என்ற எண் இருக்கிறது.

கேள்வி கேட்டவர்:

அனைவருக்கும் நன்றி. நேற்று அவளிடம் நேரடியாகவே கேட்டேன். சாக வேண்டும் என்ற எண்ணம் இல்லை என்றாள், பிறகு நெடுநேரம் பேசினாள். ராகிங்கும் இல்லை. இரவு மெஸ்ஸில் வகுப்புத் தோழிகள் ஆங்கிலத்தில் பேசிச் சிரிக்கும் மேசையில் உட்கார அவளுக்குக் கூச்சம், தனியாக உட்காரவும் வெட்கம். தமிழ்வழியில் படித்து வந்த இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி, அவள் சம்மதத்தோடு, கணக்குப் பாடம் சொல்லித்தர ஒப்புக்கொண்டிருக்கிறாள். இன்றிரவு இருவரும் சேர்ந்து சாப்பிடப் போகிறார்கள். வெள்ளிக்கிழமை ஆலோசகரைப் பார்க்க நானே கூட்டிப்போகிறேன். பதிவேடு குறித்து முதல்வரிடம் பேச நேரம் கேட்டிருக்கிறேன். ஆலோசகரின் குறிப்புகளை விடுதிப் பதிவேட்டிலிருந்து தனியாக வைக்கும் நடைமுறை எந்தக் கல்லூரியிலாவது எழுத்துவடிவில் இருந்தால் பகிர்ந்து உதவுங்கள்.