புதுப்பிப்பு: அம்மாயியின் முழங்கால் வலி, கிளினிக் போய் வந்தோம்

ஹட்டன் பக்கத் தோட்டத்தில் இருக்கும் எங்கள் அம்மாயி, கடையில் உதிரியாக வாங்கிய டைக்லோபெனக் என்ற வலிக் குளிசையைத் தினமும் போடுகிறார், என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். கிளினிக் கொப்பியோடு கூட்டிப் போகச் சொன்னீர்கள். போனோம்.

முழங்காலைத் தொடும் முன்பே, பையில் இருக்கிறதையெல்லாம் மேசையில் கொட்டச் சொன்னார் டொக்டர். பிரஷருக்கு லொசாட்டன், கால் வீக்கத்துக்கு ஃபுருசமைட், டைக்லோபெனக், தடிமன் குளிசை, பனடோல் அட்டை. முதல் மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரென்று பழுதாகலாமாம். டைக்லோபெனக்கால் வயிற்றுப் புண், இரத்தக் கசிவு வேறு வரலாமாம். டைக்லோபெனக் குளிசை அன்றோடு நிறுத்தம். சிறுநீரகம் எப்படி என்று அறிய இரத்தத்தில் கிரியேட்டினின் பார்த்தார்கள், நல்லவேளை, பயமில்லை.

இப்போது 500 மில்லிகிராம் பனடோல், அதாவது பரசிற்றமோல்தான். வளர்ந்தவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம், அதாவது 8 குளிசை உச்சம். அம்மாயி 50 கிலோவும் இல்லை, அதனால் 6 மணித்தியாலத்துக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம் என்றார். தடிமன் குளிசையிலும் பரசிற்றமோல் இருந்ததால் அதைச் சேர்த்துப் போடக்கூடாது. முழங்காலுக்குப் பூச ஜெல்.

கதிரையில் இருந்து காலை நீட்டி மடக்கவும் காட்டினார்கள். "மலை மலையா ஏறிக் கொழுந்து எடுத்தவளுக்கு எக்ஸசைஸ் சொல்லித் தாராங்களாக்கும்!" என்றார் அம்மாயி. ஆனால் நாடகம் பார்க்கும்போது செய்கிறார், கண்டும் காணாதமாதிரி இருக்கிறோம்.

டிரமடோல் என்ற கடும் வலி மருந்தைப் பற்றிக் கேட்ட தம்பிக்கு: எங்களுக்குத் தரவில்லை. தலை சுற்றி விழுந்தால் இடுப்பு எலும்பு போய்விடும், மழையில் லயத்துப் படி எப்படி வழுக்கும் என்று தெரியும்தானே. மலம் கறுப்பாகப் போனாலோ மூத்திரம் குறைந்தாலோ கிளினிக் நாள்வரை இருக்காமல் உடனே வரச் சொல்லியிருக்கிறார்கள்.