ராகு காலத்தில் பத்திரப்பதிவு: தேதியை மாற்றலாமா?

மாடித்தோட்டம்: மனை பதிவுக்கு வெள்ளிக்கிழமை 11 மணிக்கு டோக்கன் கிடைத்திருக்கிறது. 10.30 முதல் 12 வரை ராகு காலம், வேறு நாள் பார் என்கிறார் அப்பா. எனக்கு நம்பிக்கை இல்லை. என்ன செய்வது?

காவிரிக்கரையான்: மாற்றிவிடுங்கள். நாளைக்கு போர் போட்டுத் தண்ணீர் வராவிட்டாலும் 'அன்னைக்கே சொன்னேனே' என்பார்கள்.

கறுப்புக்கண்ணாடி: அந்தப் பேச்சுக்குப் பயந்தால் முடிவே இல்லை. பகலை எட்டாகப் பிரித்து ஒரு பங்கை ராகுவுக்குக் கொடுக்கிறார்கள். தினசரி காலண்டரில் வருஷம் முழுக்க 6 மணிக்கு விடிவதாகக் கணக்கு. சென்னையில் ஜனவரியில் 6.30 தாண்டித்தான் விடியும். அவர்கள் விதிப்படியே அந்த 10.30 தப்பு. ராகு என்று ஒரு கோளும் கிடையாது. நிலவின் பாதை சூரியன் பாதையை வெட்டும் புள்ளி, அவ்வளவுதான்.

காவிரிக்கரையான்: விவரமான ஜோதிடர் உள்ளூர் உதயத்தை வைத்துத்தான் கணிப்பார். காலண்டர்காரர் சோம்பலுக்கு சாஸ்திரம் என்ன செய்யும்? அப்புறம், பதிவுத்துறையே முகூர்த்த நாளில் கூடுதல் டோக்கன் தருகிறதே!

கறுப்புக்கண்ணாடி: கூட்டம் வருகிறது, தருகிறார்கள். தீபாவளிக்குச் சிறப்புப் பேருந்து விட்டால் அரசு நரகாசுரனை நம்புகிறது என்று அர்த்தமா?

செண்பகம்: நான் வெள்ளிதோறும் அதே ராகு காலத்தில் துர்க்கைக்கு விளக்கு போடுகிறவள். எலுமிச்சையைப் பிழிந்து, மூடியைத் திருப்பி, நெய் ஊற்றித் திரி போடும்வரை மனசில் வேறெதுவும் இருக்காது. அதனால் யாருக்கு என்ன நட்டம்? ஆனால் என் வீட்டுக்காரர் இறந்த பிறகு, அண்ணன் மகள் நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றும்போது 'நீ கொஞ்சம் உள்ளே இரு' என்றார்கள். அதையும் இதையும் ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள்.

கறுப்புக்கண்ணாடி: மூட்டை கட்டியது நானில்லை அக்கா. நேரம் சொன்ன அதே வாய்தான் உங்களையும் உள்ளே போகச் சொன்னது. என்னுடையது சுயமரியாதைத் திருமணம், ராகு காலத்திலேயே வைத்தோம். தாலி எடுத்துக் கொடுத்தவர் கணவரை இழந்த என் பெரியம்மா. இந்து திருமணச் சட்டத்தில் தமிழகம் செய்த 1967 திருத்தத்தால் அது செல்லும்.

காவிரிக்கரையான்: பெரியம்மாவை முன்னால் நிறுத்தியது ரொம்பச் சரி. ஆனால் ராகு காலத்தைத் தேடிப் பிடித்து வைத்தீர்களே, அதுவும் நேரம் பார்ப்பதுதானே சார்?

மாடித்தோட்டம்: அப்பா இறங்கி வந்துவிட்டார். 10.30க்கு முன்னால் பத்திரத்தில் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டால் போதுமாம்.

செண்பகம்: அதெல்லாம் இருக்கட்டும், வில்லங்கச் சான்று எடுத்தாச்சா தம்பி?